மிச்சம் வைக்காதவர்

"இதுக்கு முன்னாடி என்னம்மா அனுபவம் இருக்கு?" என்று என் மாமா கேட்டார். "எங்கப்பாவுக்குப் பத்து விரலும் இருக்கு சார்" என்று வேலை கேட்டு வந்த பெண் பதில் சொன்னார். எங்கள் ஆபீசில் அவருக்கு நடந்த நேர்முகத் தேர்வு அவ்வளவுதான். மாமா என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன்.

கேள்வி கேட்டவர் முதலாளி. நான் அவருடைய அக்கா மகன் என்கிற ஒரே தகுதியில் அங்கே சீனியர் டெவலப்பர். வந்தவர் சிவகாசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து இன்ஜினியரிங் படித்து வந்த பெண், என்னைவிட மூன்று வயது மூத்தவர். அவருடைய அப்பா பட்டாசு ஆலையில் முப்பது வருஷம் மருந்து கலக்கியவர். வெடிமருந்தை அங்கே மருந்து என்றுதான் சொல்வார்கள். முப்பது வருஷம் மருந்து கலக்கிவிட்டு ஒருவர் பத்து விரலோடு வீட்டுக்கு வந்தார் என்றால் அந்த வட்டாரத்தில் அது லேசான சான்றிதழ் இல்லை. மாமாவுக்கு அது விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் வேலை கொடுத்துவிட்டார்.

அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் என் பெயரைக் கண்டுபிடிப்பது சுலபம்.

விருதுநகரில் ஒரு மிளகாய் வத்தல் மண்டியின் மாடியில் எங்கள் ஆபீஸ். கீழே மூட்டை பிரித்தால் மேலே நாங்கள் தும்முவோம். வெளியூர்க்காரர்களோடு போனில் பேசும்போது நாலு பேர் சேர்ந்து தும்மினால், இங்கே கொஞ்சம் ஜலதோஷ சீசன் என்று சொல்லிச் சமாளிப்போம். பட்டாசுக் கம்பெனிகளுக்கு ஆர்டர் பதிய, லோடு பிரிக்க, லாரிக்குச் சீட்டு அடிக்க ஒரு மென்பொருள் செய்து கொடுத்திருந்தோம். ஜாவாவில் எழுதியது. மற்ற மாதங்களில் நன்றாக ஓடும். தீபாவளி சீசனில் எல்லாரும் ஒரே நேரத்தில் உள்ளே நுழைந்ததும் மூச்சு முட்டிப் படுத்துவிடும். அதைக் கன்டெய்னர் பிளாட்ஃபார்முக்கு மாற்றினால் கூட்டத்துக்குத் தகுந்தபடி தானே பெருகிக்கொள்ளும் என்று யாரோ மாமாவுக்குச் சொல்லியிருந்தார்கள். அந்த வேலைக்குத்தான் அவர் வந்தார்.

கன்டெய்னர் என்றால் என்ன என்று மாமாவுக்கு நான் இரண்டு நாள் படம் போட்டு விளக்கியிருந்தேன். மாமா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாரே தவிர ஒன்றும் ஏறவில்லை. புதிதாக வந்தவர் ஒரே மூச்சில் விளக்கி முடித்தார்.

"சார், இப்ப நம்ம சாமானெல்லாம் தரையில பரத்திக் கெடக்கு. ஒரு மெஷின்ல இருந்து இன்னொரு மெஷினுக்குத் தூக்கிட்டுப் போனா ஏதாச்சும் ஒண்ணு விட்டுப் போகுது. கன்டெய்னருன்னா கிஃப்ட் பாக்ஸு. அம்புட்டையும் ஒரே பெட்டியில அடுக்கி ஒட்டிருவோம். எங்கன பிரிச்சாலும் அதே சாமான், அதே வரிசை."

"அட, இதைத்தான் ரெண்டு நாளா இவன் படமா வரைஞ்சானா" என்றார் மாமா.

அந்தப் பெட்டியை அடிப்பதற்கு அவர் ஒரு ஓப்பன் சோர்ஸ் டூலைத் தேர்ந்தெடுத்தார். உலகத்தின் நாலு மூலையிலும் இருக்கிற ஆட்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வெளியே வைத்துவிட்ட கருவி. ஒரு வரி கமாண்டு கொடுத்தால் போதும். ஜாவா கோடைக் கம்பைல் செய்து, அதற்கு வேண்டிய லைப்ரரிகளை, அதாவது மற்றவர்கள் எழுதி வைத்த ஆயத்தத் துண்டுகளை, சேர்த்து, பெட்டியில் அடுக்கி, லேபிள் ஒட்டி, இணையத்தில் ஒரு சேமிப்பிடத்தில் கொண்டு போய் வைத்து, அங்கிருந்து பிளாட்ஃபார்மில் ஓடவும் விட்டுவிடும். அந்தச் சேமிப்பிடத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டு. எங்கள் ஆபீசில் அதைக் கிட்டங்கி என்றுதான் சொன்னோம். இதெல்லாம் இலவசம் என்று கேள்விப்பட்டதும் மாமாவுக்கு வருத்தமாகிவிட்டது. "ரிப்பேர்னா யார்ட்டப் போயி சண்டை போடுறது?" என்று கேட்டார்.

அந்த டூலின் பெருமையே அதன் சிக்கனந்தான். நேற்று அடித்த பெட்டியில் மாறாத பகுதிகளை அப்படியே வைத்துக்கொண்டு, மாறின துண்டை மட்டும் புதிதாகச் செய்யும். மூன்று நிமிஷத்தில் பெட்டி தயார். அவர் வந்த முதல் வாரமே அந்தச் சிக்கனத்தை அணைத்து வைத்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் பழைய லைப்ரரிகளை எல்லாம் அழித்துவிட்டு, இணையத்திலிருந்து புதிதாக இறக்கி, முதலிலிருந்து செய்ய வேண்டும். நாற்பது நிமிஷம் ஆகும். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினாலும் நாற்பது நிமிஷந்தான்.

ஏன் இப்படி என்று நான் கேட்டேன்.

"நேத்துக் கலக்குன மருந்து மிஞ்சிருச்சுன்னு வைங்க, அத இன்னைக்குத் தொடக் கூடாது. ராத்திரி பூரா ஈரம் பட்டு உள்ளுக்குள்ள என்ன ஆகிக் கெடக்குன்னு யாருக்குத் தெரியும்? சாயங்காலம் ஆச்சுன்னா மிச்சத்த அழிச்சிட்டுத்தான் எங்கப்பா வீட்டுக்கு வருவாரு."

"இது மருந்து இல்லையே அக்கா. வெறும் கோடு."

"எங்கப்பாவுக்குப் பத்து விரலும் இருக்கு."

அதற்கு மேல் அந்தப் பேச்சில் நமக்கு இடம் இருக்காது. எந்த வாதத்தையும் இந்த ஒரு வரியைப் போட்டு முடித்துவிடுவார். எனக்கும் பத்து விரல் இருக்கிறது என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "நீங்க எதைக் கலக்குனீக?" என்று கேட்டார்.

சாயங்காலம் ஆறு மணி ஆனால் ஆபீசில் ஒரு பயம் பரவும். கிட்டங்கியில் ஓடிக்கொண்டிருக்கிற பெட்டி ஒன்றைத் தவிர, சோதனைக்கு அடித்த மற்றதெல்லாம் ஆறு மணிக்கு அழியும்படி அமைத்திருந்தார். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சுவரில் இருந்த வெள்ளைப் பலகையையும் துடைத்துவிடுவார். ஒரு தடவை நாங்கள் மூன்று பேர் மத்தியானம் முழுக்க உட்கார்ந்து வரைந்த திட்டம் போயே போய்விட்டது. மாமாவின் பிறந்தநாள் கேக்கில் பாதி மிச்சம் இருந்தது. வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகலாம் என்று மாமா பிரிட்ஜைத் திறந்தபோது மணி ஆறு ஐந்து. கேக் கீழே மண்டிக்காரர்கள் வயிற்றுக்குப் போயிருந்தது. ஃப்ளாஸ்க்கில் மிஞ்சின டீயைக் கொட்டிக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, பையை மாட்டிக்கொண்டு ஆறு இருபது பஸ்ஸுக்குப் போவார். சண்டையும் அப்படித்தான். காலையில் என்னை வாங்கு வாங்கென்று வாங்கியிருப்பார். மறுநாள் வந்து, "சாப்பிட்டீகளா?" என்பார். நாம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால், என்ன விஷயம் என்று நிஜமாகவே விளங்காமல் பார்ப்பார்.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். மருந்து அறைக்குள் நாலு பேருக்கு மேல் நிற்கக் கூடாதாம். புதுப் பெட்டியை பிளாட்ஃபார்மில் ஏற்றுகிற அன்று எங்கள் மீட்டிங் அறையில் அவர் தலை எண்ணுவார். ஒரு தடவை ஐந்தாவதாக உள்ளே வந்தவர் மாமா.

"சார், கொஞ்சம் வெளிய நில்லுங்க. நாலு பேருக்கு மேல ஆச்சு."

"ஏம்மா, இது என் ரூமும்மா."

"அதனாலதான் சார் சொல்றேன். ஏதாச்சும் ஆச்சுன்னா முதலாளியாவது வெளிய இருக்கணும்ல."

மாமா வராந்தாவில் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தார். அன்றைக்கு அவருக்குக் கோபமா சந்தோஷமா என்று எனக்குத் தெரியவில்லை. தன் உயிரின் மேல் அக்கறையுள்ள ஊழியர் கிடைத்துவிட்டதாக வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார்.

அந்த டூலை எழுதுகிறவர்களோடும் அவர் ஒரு மல்லுக்கட்டு நடத்தினார். பழசைச் சேர்த்து வைக்கிற வழக்கத்தை டூல் தானாகச் செய்யக் கூடாது, கேட்டால் மட்டும் செய்ய வேண்டும் என்று இணையத்தில் அவர்களுடைய பொதுப் பலகையில் ஒரு கோரிக்கை எழுதிப் போட்டார். எங்கோ குளிர் நாட்டில் இருந்த ஒரு ஆள், இதற்கு என்ன அவசியம் என்று மரியாதையாகக் கேட்டிருந்தார். இவர் மருந்து அறையைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதினார். ஈரம், மிச்சம், நாலு பேர், எல்லாம். அந்த ஆள் அதற்கு, தன் வாழ்க்கையில் இவ்வளவு சுவாரசியமான கோரிக்கையைப் படித்ததில்லை என்று எழுதி, ஒரு கட்டைவிரல் படம் போட்டு, ஆனால் இதைச் செய்யப் போவதில்லை என்று மூடிவிட்டார். கீழே ஒரு வரி சேர்த்திருந்தார், உங்கள் அப்பா நலமா என்று. இவர் பத்து விரல் விஷயத்தைப் பதிலாக எழுதினார். அந்தப் பலகையில் இவர் கணக்கின் பெயரே 'டென் ஃபிங்கர்ஸ்' என்பதுதான்.

நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் நாற்பது நிமிஷம் நாற்பது நிமிஷமாகவே இருந்தது.

சிரிக்காமல் அவர் சொன்ன ஒரே விஷயம் அவருடைய அம்மாவைப் பற்றித்தான். அம்மா அப்போதும் விடியற்காலையில் ஆலை வேனில் ஏறிப் போய்த் திரி வைக்கிற வேலை பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தத் தீவாளியோட எங்கம்மா வேன் ஏறக் கூடாது. அதுக்குத்தான் இந்த வேலை" என்று ஒரு நாள் டீ குடிக்கும்போது சொன்னார். அவர்கள் வீட்டில் முந்தின தலைமுறை எங்களைப் போன்றவர்களின் காட்டில் களையெடுத்தவர்கள். எங்களுக்கு மல்லாங்கிணறு பக்கம் புஞ்சைக் காடு உண்டு. இதை அவர் ஒரு நாளும் பேச்சில் எடுத்ததில்லை. நானும் எடுத்ததில்லை. ஆனால் ஆபீசில் முதலாளியைத் தவிர எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர், என்னை மட்டும் சார் என்பார்.

இனி என் பங்குக்கு வருகிறேன்.

கிட்டங்கிக்குப் பெட்டி ஏற்றுகிற பாஸ்வேர்டு அவரிடம் மட்டுந்தான் இருந்தது. ஆனி மாதத்தில் அவர் சித்தி மகள் கல்யாணத்துக்கு இரண்டு நாள் லீவு போட்டபோது, அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று எனக்குக் கொடுத்தார். "நான் வந்ததும் அழிச்சிருங்க சார்" என்றார். அழித்துவிட்டேன் என்றேன். அழிக்கவில்லை. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. எதையும் அழிக்காத ஜாதி நான். என் லேப்டாப்பில் காலேஜில் எடுத்த பஸ் டைம் போட்டோகூட இருந்தது.

அதே லேப்டாப்பில் இன்னொரு மிச்சமும் இருந்தது. லாரிச் சீட்டு அடிக்கிற லைப்ரரியில் தமிழ் எழுத்து சரியாக விழுகிறதா என்று ஆவணியில் ஒரு சோதனை செய்தேன். ஒவ்வொரு தடவையும் முகவரி கொடுக்கச் சோம்பல்பட்டு, என்ன கொடுத்தாலும் 'ரயில்வே ஸ்டேஷன் ரோடு, விருதுநகர்' என்றே அச்சடிக்கும்படி அந்த லைப்ரரியின் நகலில் எழுதி வைத்தேன். சோதனை முடிந்தது. நகல் அங்கேயே கிடந்தது. நான் மறந்துவிட்டேன்.

சீசன் உச்சத்தில் ஒரு நாள் காலை. அவர் சிவகாசியில் எங்கள் பெரிய வாடிக்கையாளரின் லோடு ஏற்றுகிற இடத்தில் இருந்தார். அந்தக் கம்பெனி மேனேஜர் ஆபீசுக்குப் போன் போட்டு, சீட்டில் பட்டாசுப் பெட்டிகளின் எண்ணிக்கை ஒரே வரியில் வருகிறது, ரகவாரியாகப் பிரித்து வர வேண்டும், லாரிகள் நிற்கின்றன, உடனே மாற்றுங்கள் என்றார். ஐந்து வரி மாற்றம். நானே செய்தேன். அவரைக் கூப்பிட்டால் நாற்பது நிமிஷம் என்பார். என்னிடம் பாஸ்வேர்டு இருந்தது. டூல் இருந்தது. அவர் அணைத்து வைத்த சிக்கனத்தைத் திரும்பப் போட்டேன். கமாண்டை அடித்தேன். மூன்று நிமிஷத்தில் பெட்டி கிட்டங்கிக்குப் போய், பிளாட்ஃபார்மில் ஏறி, ஓட ஆரம்பித்தது. இத்தனை நாள் ஒரு பெண் எங்கள் நேரத்தை எவ்வளவு வீணாக்கியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டே போய் ஒரு டீ குடித்தேன்.

டூலின் மேல் குற்றம் சொல்ல முடியாது. என் லேப்டாப்பில் எது இருந்ததோ அதைப் பெட்டியில் அடுக்கியது. ரகவாரியாக எண்ணிக்கை அழகாக விழுந்தது. முகவரி மட்டும் எல்லாச் சீட்டிலும் ரயில்வே ஸ்டேஷன் ரோடு, விருதுநகர். வடக்கே போக வேண்டிய லாரி, மேற்கே போக வேண்டிய லாரி, எல்லாம் பட்டாசோடு எங்கள் ஊர் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போவதாக எழுத்துபூர்வமாகக் கிளம்பின. ஏழு லாரிகளை செக்போஸ்ட்டில் நிறுத்திவிட்டார்கள். பட்டாசு லோடு, உச்சி வெயில், டிரைவர்கள் போன் மேல் போன்.

அவர் சிவகாசியிலிருந்து கூப்பிட்டார். நான் எடுத்தேன்.

"மென்பொருள மொத்தமா நிப்பாட்டுங்க சார். இனிமே ஒரு சீட்டு அடிக்கக் கூடாது."

"இது எப்படி ஆச்சுன்னா..."

"முதல்ல தண்ணிய ஊத்துங்க. யாரு, எப்படின்னு பெறகு பாத்துக்கிருவோம்."

நிறுத்தினேன். மாமா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். நேற்று ஓடிய நல்ல பெட்டியைத் திரும்ப ஏற்ற வேண்டியதுதானே என்றார். அந்தப் பிளாட்ஃபார்மில் அதற்கு ஒரே கமாண்டு போதும், நானே அதை மாமாவிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். போட்டேன். கிட்டங்கியில் நேற்றைய பெட்டி இல்லை. முந்தாநாள் பெட்டியும் இல்லை. ஒரே பெயரில்தான் பெட்டி ஏறும், புதுசு ஏறினால் அந்த நிமிஷமே பழசு போய்விடும் என்று அமைத்திருந்தார். என் மிச்சத்தால் வந்த வினையைத் தீர்க்க, அவரிடம் ஒரு மிச்சம் இல்லை.

அவர் அங்கேயே லோடு ஷெட் வாசலில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு முதலிலிருந்து புதுப் பெட்டி அடித்தார். மாமா போனில், பழசு இருக்கிறதை வைத்துச் சீக்கிரம் முடிம்மா என்று கெஞ்சினார். "எங்கப்பாவுக்கு..." என்று அவர் ஆரம்பித்ததும் மாமா போனை என்னிடம் கொடுத்துவிட்டார். நாற்பது நிமிஷம். அதற்கு ஒரு நிமிஷம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. புதுச் சீட்டு அடித்து, செக்போஸ்ட்டுக்கு அனுப்பி, லாரிகள் நகர்ந்தபோது மணி இரண்டு. எதுவும் வெடிக்கவில்லை. மேனேஜர் மட்டும் வெடித்தார். இந்த வேலையைச் செய்த ஆளை வெளியே அனுப்பாவிட்டால் மென்பொருளையே மாற்றிவிடுவோம் என்று மாமாவிடம் சொல்லிவிட்டார்.

புதுசு ஏறுவதற்கு முன்பே கெட்ட பெட்டியை வேறு பெயரில் தனியாக எடுத்து வைக்கும்படி மாமா அவரிடம் சொல்லியிருந்தார். நாலு மணிக்கு மீட்டிங், அதைப் பிரித்துப் பார்ப்போம் என்றார். ஒவ்வொரு பெட்டியின் லேபிளிலும் அதை அடித்த லேப்டாப்பின் பெயரும் நேரமும் இருக்கும். அது மாமாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். என் லேப்டாப்புக்கு நான் வைத்திருந்த பெயர் என் பெயரேதான்.

அவர் மூன்றரைக்குப் பஸ்ஸில் வந்து சேர்ந்தார். முகமெல்லாம் வெயில். தன் இடத்தில் உட்கார்ந்து ஏதோ பார்த்தார். பிறகு ஒரே ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தார். நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மீட்டிங்கில் மாமா சொன்னார், "அந்தப் பெட்டியப் பிரிம்மா."

"அழிச்சிட்டேன் சார்."

"என்னது?"

"மிச்சம் வைக்கிற பழக்கம் இல்ல சார்."

மாமா எழுந்து நின்றார். "யாரு அடிச்சதுன்னு இனி எப்படித் தெரியும்?"

அவர் லேப்டாப்பை மூடினார். பாஸ்வேர்டு அவரிடம் மட்டுந்தான் இருக்கிறது என்று மாமா நினைத்துக்கொண்டிருந்தார். மேனேஜர் அவசரப்படுத்தியதில் அவரே சிவகாசியிலிருந்து எதையோ ஏற்றிவிட்டு இப்போது மறைக்கிறார் என்று முடிவு செய்தார். அறையில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். சட்டப்படி சரியான எண்ணிக்கை. உண்மை தெரிந்தவர்கள் இரண்டு பேர். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. நான் திறந்திருக்க வேண்டும். திறந்திருந்தால் மாமா என்னை அடித்துக் கொன்றுவிடப் போவதில்லை. அதுகூடத் தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன்.

சீசன் முடிந்ததும் வேறு இடம் பார்த்துக்கொள்ளம்மா என்றார் மாமா. அவர் சரி சார் என்றார். அன்று ஆறு மணிக்கு வெள்ளைப் பலகையைத் துடைத்தார், ஃப்ளாஸ்க்கைக் கழுவிக் கவிழ்த்தார், ஆறு இருபது பஸ்ஸுக்குப் போனார். மறுநாள் வந்து என்னிடம், "சாப்பிட்டீகளா சார்?" என்று கேட்டார்.

தீபாவளிக்கு மறுவாரம் போய்விட்டார். பாஸ்வேர்டும் கிட்டங்கியும் என் பொறுப்புக்கு வந்தன. முதல் வேலையாக, ஆறு மணிக்கு அழிக்கிறதையும் ஒரே பெயரில் ஏற்றுவதையும் நிறுத்தினேன். இப்போது எங்கள் கிட்டங்கியில் முந்நூறு பெட்டிகள் இருக்கின்றன. எது எதற்கு என்று யாருக்கும் தெரியாது.

ஒரு விஷயம் மட்டும் என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. அவர் அழிக்கிற நேரம் ஆறு மணி. அந்தப் பெட்டியை அழித்தது நாலு மணிக்கு முன்னால். தன் தப்பை மறைக்க அழித்ததாக மாமா நம்பினார், பழக்கத்தால் அழித்ததாக மற்றவர்கள் நம்பினார்கள். நான் நம்பவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் அழித்தார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ஏன் காப்பாற்ற வேண்டும் என்று யோசிக்கையில், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் இனிப்பாகக்கூட இருந்தது. என் மேல் அவருக்கு ஒரு பிரியம் இருந்திருக்கலாம் என்று ஐந்து வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சென்ற மாதம் அந்த டூலின் புதுப் பதிப்பை இறக்கினேன். கமாண்டை அடித்தேன். பெட்டி அடிக்க மறுத்துவிட்டது. உன் லேப்டாப்பில் இருக்கிற இன்ன லைப்ரரியின் நகல், வெளியே எல்லாருக்கும் கிடைக்கிற மூலத்தோடு ஒத்துப்போகவில்லை, இதை அடுக்க மாட்டேன் என்று சிவப்பு எழுத்தில் வந்தது. இது என்ன புதுச் சட்டம் என்று அவர்களுடைய பலகையில் போய்த் தேடினேன். எழுதிச் சேர்த்தவர் பெயர் 'டென் ஃபிங்கர்ஸ்'. இதற்கு என்ன அவசியம் என்று அதே குளிர் நாட்டு ஆள் மறுபடியும் கேட்டிருந்தார். இந்தத் தடவை பதில் ஒரே வரி. நான் வேலை பார்த்த இடத்தில் ஏழு லாரிப் பட்டாசு ரயில்வே ஸ்டேஷனுக்குப் புறப்பட்டது. அந்த ஆள் உடனே சேர்த்துக்கொண்டுவிட்டார். யார் செய்தது என்று அவரும் கேட்கவில்லை. உலகம் முழுக்க எத்தனையோ பேர் லேப்டாப்பில் என் தப்பு இப்போது காவல் நிற்கிறது.

பழைய நம்பருக்குப் போன் போட்டேன். எடுத்தார். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறாராம். அப்பா நன்றாக இருக்கிறாராம். அம்மா வேலையை விட்டுவிட்டார்களா என்று கேட்டேன்.

"போன தீவாளியோடதான் நின்னாக" என்றார். "எனக்கு வேலை கெடைக்க ஒண்ணரை வருசம் ஆச்சு. பெறகு தங்கச்சி படிப்பு. அவுக வேன் ஏறிக்கிட்டுத்தான் இருந்தாக."

நாலு சீசன். மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். பிறகு ஐந்து வருஷமாக வைத்திருந்ததைச் சொன்னேன். அன்றைக்கு நான் பேசியிருக்க வேண்டும், என் பெயரை நீங்கள் அழித்தது எனக்குத் தெரியும், அந்தப் பெரிய மனசுக்கு நான் தகுதியில்லை என்றெல்லாம் சொன்னேன்.



"தம்பி," என்றார். முதல் தடவையாகச் சார் இல்லை. "உங்களுக்காகன்னா நெனச்சிட்டிருந்தீக? உங்க பேரு அதுல இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்? உங்க மாமா ரெண்டு நாளு உங்களோட பேசமாட்டாரு. மூணாம் நாளு, இவன்ட்டப் பாஸ்வேர்ட குடுத்தது யாருன்னு கேப்பாரு. குடுத்தது நானு. எப்படியும் போகப்போறது நாந்தான். போறவ உங்க வீட்டுப் பகையையும் சேத்துத் தூக்கிட்டுப் போகணுமா? இந்த வட்டாரத்துல எங்க போனாலும் உங்க ஆளுக பேச்சு எனக்கு முன்னாடி போயி நிக்கும். மருந்து ரூம்ல தீப்பிடிச்சா யாரு பத்த வச்சான்னு பாத்துக்கிட்டு நிக்கமாட்டாக. கதவு எந்தப் பக்கமுன்னுதான் பாப்பாக. அம்புட்டுத்தான்."

சொல்வதற்கு இருந்ததையெல்லாம் முன்னாலேயே சொல்லித் தீர்த்திருந்தேன்.

"இம்புட்டு வருசமாவா இத வச்சிருந்தீக?" என்றார். குரலில் கோபம் இல்லை, சண்டைக்கு மறுநாளும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் பார்ப்பாரே, அதே வியப்புதான். பிறகு சாப்பிட்டீகளா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். சரி, வேலை கெடக்கு என்று வைத்துவிட்டார்.

மணி ஆறாகப் பத்து நிமிஷம் இருந்தது. கீழே மண்டியில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தார்கள். என் கை இரண்டும் கீபோர்டின் மேல் இருந்தன. எண்ணிப் பார்த்தேன். பத்து விரலும் இருந்தன.